பொட்டு வைத்த பட்டன்

முதல் வரியில் "அன்புள்ள" என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. ஒன்பது நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. "கல்யாணத்துக்கு மூணு வாரம்தாம்மா இருக்கு, பத்திரிகை வைக்கப் போகணும், இப்பப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாய். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள நான் என்ன புதுப்பெண்ணா? எனக்கு அடி விழுந்திருக்கிறதடா. அடித்தது நீதான் என்று உனக்கு இன்னும் உறைக்கவில்லையே, அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நீ எனக்குத் துரோகம் செய்திருக்கிறாய். பெரிய வார்த்தையாக இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். இதைவிடச் சின்ன வார்த்தை இருக்கிறதா என்று ஒன்பது நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

ஒரகடத்தில் அந்த ஹாலுக்கு என்னை வரச் சொன்னதே நீதான். உங்கள் கம்பெனி புதிதாகச் செய்த பேனலை, அதுதான் மெஷினை இயக்குகிற ஸ்கிரீன் பலகையை, எல்லா ஃபேக்டரிக்காரர்களுக்கும் காட்டுகிற விழா. உன் அப்பா முட்டி வலி என்று வாலாஜாபாத்திலேயே தங்கிவிட்டார். நான் மட்டும் மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தாய். மெஷினுக்கு ஸ்கிரீன் வடிவமைப்பதுதான் என் பையனுடைய வேலை என்று தெருவில் தெரியாதவர் யாரும் இல்லை, அவ்வளவு பீற்றியிருக்கிறேன். மேடையில் உன் பேனலைப் பெரிதாகக் காட்டினாய். வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது, நாலே நாலு எண். "இதுல சேவ் பட்டன் கெடையாது. அப்ளை பட்டன் கெடையாது. மாத்துனா மாறிடும், அவ்ளோதான்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நானும் தட்டினேன்.

அதற்கப்புறம் ஒரு படம் போட்டாய். பழைய காலத்துப் பேனல், பட்டன் ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமம். "மாத்துனா உடனே மாறும்னா, யாரு கைய வெக்கிறாங்கன்னும் யோசிக்கணும். எங்கம்மா தொண்ணூத்தி ஒண்ணுல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரில இருந்தாங்க. ஆயுத பூஜைக்கு ஓவன் பட்டனுக்குப் பொட்டு வெச்சாங்க. வெச்ச பொட்டுல சூடு ஏறி, உள்ள இருந்த சரக்கு மொத்தமும் கருகிப் போச்சு. சரி, வேலை யாருக்குப் போச்சு? பக்கத்துல நின்ன இன்னொரு அக்காவுக்கு! எங்கம்மா எஸ்கேப்!" ஹால் முழுக்கச் சிரித்தது. உன் முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவங்கதான் என்னோட மொத யூசர், எழுந்து நில்லும்மா" என்றாய். நான் எழுந்து நின்றேன். நீ சொன்னதைக் கூட ஒருவேளை மறப்பேன், அந்த இடத்தில் பட்டுப்புடவையோடு எழுந்து நின்றேனே, அது மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது.

அதை நான் உன்னிடம் எப்போது சொன்னேன் என்று நினைத்துப் பார். உன் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நீயும் நானும். ஏதாவது பேசினால் தேவலாம் போல இருந்தது, வாயில் வந்தது அதுதான். அதுவரை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை, உள்ளே படுத்திருந்தவருக்குக்கூடத் தெரியாது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாய். நான் கேட்கக்கூட இல்லை, நீயாகத்தான் சொன்னாய். இருநூறு பேர் உட்கார்ந்திருந்த ஹாலில் அதை எடுத்து விட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டாய்.

சொன்னதுதான் சொன்னாய், முழுசாகவாவது தெரிந்துகொண்டு சொன்னாயா? நீ சொன்னது ஒரு துணுக்கு. நடந்ததை இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்த ஃபேக்டரியில் நாங்கள் மோட்டாருக்குள் வைக்கிற செப்புக் கம்பிச் சுருள், காயில் என்போம், அதைச் சுற்றுவோம். சுற்றிய காயிலை வார்னிஷில் முக்கி, ஓவனில் வைத்து மணிக்கணக்கில் சுட்டு எடுக்க வேண்டும். ஓவன் இரண்டு பேர் பொறுப்பில் இருந்தது, நானும் லூர்துமேரியும். லூர்து பென்னலூர்க்காரி. நான் ஒரு ஷிப்ட் என்றால் அவள் ஒரு ஷிப்ட். பழைய பேனலில் சூட்டை மாற்ற முதலில் எண்ணை மாற்றிவிட்டு, பிறகு 'செட்' என்று ஒரு பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் ஸ்கிரீனில் புது எண் நிற்கும், ஓவன் பழைய சூட்டிலேயே ஓடும். நாங்கள் எண்ணைப் பார்த்து நம்பிக்கொண்டிருப்போம், காயில் வேகாமல் பச்சையாக வெளியே வரும். அதற்காக மூன்று முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நேரம் பட்டணத்திலிருந்து ஒரு எஞ்சினியர் புதுப் பேனல் செய்து வைக்க வந்தார். பேண்ட் போட்டு வந்தவர்களிலேயே அவர் ஒருவர்தான் எங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என்ன கஷ்டம் என்று கேட்டவர். நான் சொன்னேன், "இன்னாத்துக்கு சார் ரெண்டு தபா சொல்லணும்? ஒரு தபா சொன்னா அதுக்குக் கேக்காதா?" அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வந்த பேனலில் பச்சைப் பட்டன் இல்லை. ஏற்றுவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று, பெரிய எண் ஒன்று. அழுத்தினால் டிக் டிக்கென்று சின்னச் சத்தம் வரும், எண் மாறும், ஓவனும் கூடவே மாறும். ஸ்கிரீனில் என்ன தெரிகிறதோ அதுதான் உள்ளே. லூர்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இன்னாமே, நீ சொன்னத அப்டியே செஞ்சிகினு வந்துட்டாரு!" என்றாள். பத்தாவது படித்த ஒருத்தி வாய் விட்டுச் சொன்னது ஒரு மெஷினில் நடந்ததடா. நீ மேடையில் உன் கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னாயே, மாற்றினால் மாறிவிடும் என்று, அதை உனக்கு முன்னால் கேட்டவள் நான். அந்தப் பேனல் வந்தபோது நீ என் வயிற்றில் ஏழு மாதம்.

ஆயுத பூஜை அன்று லைன் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஓவனை மட்டும் நிறுத்த முடியவில்லை, வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு உள்ளே வெந்துகொண்டிருந்தது. "எனக்கு இன்னாமே பூஜ, நா பாத்துக்கறேன், நீ போயி பொரி கடல வாங்கிக்கோ" என்று லூர்துதான் முன்வந்து நின்றாள். நான் போனேன். எல்லா மெஷினுக்கும் பூ வைத்துப் பொட்டு வைத்தார்கள். நான் சோறு தின்பதே அந்த ஓவனால்தான், அதை மட்டும் மொட்டையாக விட எனக்கு மனசு வரவில்லை. சந்தனக் கிண்ணமும் சாமந்தி மாலையுமாக வந்தேன். லூர்து, "ரெண்டு நிமிசம் நில்லு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போனாள். நான் மாலையை ஸ்கிரீன் பெட்டியின் மேல் போட்டேன். அது தொங்கி எண்ணை மறைத்துக்கொண்டது. பட்டன்களுக்குச் சந்தனம் வைத்தேன். ஏற்றுகிற பட்டன் வழவழவென்று இருந்தது, சந்தனம் ஒட்டவில்லை. அழுத்தித் தேய்த்தேன். டிக் டிக்கென்று கேட்டது. கேட்கத்தான் செய்தது. மணி அடித்து ஆரத்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

லூர்து திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாமிக்குப் போட்ட மாலை, அடுத்தவர் பூஜை, அதை விலக்கி எண்ணைப் பார்க்க அவளுக்குத் தயக்கமாக இருந்திருக்கும். பழைய பேனலாக இருந்தால் நான் என்ன தேய்த்திருந்தாலும் பச்சைப் பட்டனைத் தொடாதவரை ஓவன் அசைந்திருக்காது. புதுப் பேனல் நான் கேட்டபடியே ஒரு தடவையில் கேட்டுக்கொண்டது. வாடை வந்து எல்லாரும் ஓடிவந்தபோது உள்ளே கரிக்கட்டைதான் இருந்தது.

மறுநாள் மேனேஜர் ரூமில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். எஞ்சினியரும் இருந்தார். அவர் ஏதாவது சொல்வார், இதில் கை பட்டாலே மாறும், முன்னால் என்ன எண் இருந்தது, எப்போது மாறியது என்று இது காட்டாது, அது என் தப்பு என்று சொல்வார் என்று நம்பினேன். என் பேச்சை நோட்டில் எழுதிய மனிதர் அல்லவா. அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பேனல் சரியாத்தான் இருக்கு, ஆபரேட்டர் கைதான் தப்பு" என்றார். மேனேஜர் என்னிடம், "நேத்து நீ ஓவன் பக்கம் போனியா?" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு அப்போது நிலையான வேலை இல்லை. பர்மனெண்ட் ஆக்குகிற லிஸ்டில் என் பெயர் இருந்தது. நீ உள்ளே உதைத்துக்கொண்டிருந்தாய். "போகல சார்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அன்று சாயங்காலமே லூர்துவை வெளியே அனுப்பிவிட்டார்கள். எஞ்சினியர் ஒரு கண்ணாடிப் பெட்டியால் பேனலை மூடிப் பூட்டு போட்டு, சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இதிலிருந்து உனக்கு ஒரு தொழில் விஷயம் சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன், இருந்தாலும் கேள். உடனே மாறுவது சரிதான். அந்த 'செட்' பட்டன் திரும்பி வந்தால் நல்லது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. 'நிச்சயமாகவா?' என்று நூறு முறை கேட்கிற ஸ்கிரீனை எவனும் படிப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று அழுத்துவான். நீ எட்டாவது படித்தபோது புது டிவியைக் குடைந்து ஊரே நீலமாகத் தெரிய வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மெக்கானிக் வந்து ஒரே ஒரு பட்டனை அழுத்தினார், எல்லாம் பழையபடி வந்துவிட்டது. "முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அதுக்கு எப்படிம்மா ஞாபகம் இருக்கு?" என்று என் முந்தானையைப் பிடித்துக் கேட்டாய். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை செய்த பேனலில், முந்தைய எண் என்ன என்று காட்ட ஓர் இடம் இல்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதைத்தான் முதலில் தேடினேன். சுத்தமாக இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? இன்ன நேரத்தில் இது இன்னதிலிருந்து இன்னதாக மாறியது என்று ஓரத்தில் சின்னதாக ஒரு வரி எழுதி, பழையபடி திரும்ப ஒரு வழி வை. அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால், லூர்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில்தான் மாறியது என்று அதுவே சொல்லியிருக்கும்.

இனி நீ அறியாத பாகம். உன் ஹாலில் மூன்றாவது வரிசையில் லூர்துவின் மகள் செலின் இருந்தாள். வல்லம் வடகாலில் ஒரு ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர், உங்கள் பேனலை வாங்கலாமா என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள். "ஆன்ட்டி, அந்த இன்னொரு அக்கா எங்கம்மாதானே?" என்றாள். சத்தம் போடவில்லை. நான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். "எங்கம்மாகிட்ட நா சொல்லமாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க" என்று போய்விட்டாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் முதலில் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா நாம இன்னா செத்தா போயிருப்போம்?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் கோயிலிலிருந்து வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பென்னலூர் போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், உன் பத்திரிகை. லூர்து வாசலுக்கே வந்து, "வாமே, வா, பையனுக்குக் கல்யாணமாமே, கிறிஸ்மசு இல்லாட்டியும் வழி தெரிஞ்சிதா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வேலை போனபிறகு அவள் செங்கல் சூளைக்குப் போனாள், அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். அந்தக் கை அப்படியே சொரசொரவென்று இருந்தது. உட்காராமலே சொல்லிவிட்டேன். "லூர்து, அன்னிக்கி ஓவன்ல சூட்ட ஏத்துனது நாந்தான். பொட்டு வெக்கிறேன்னு பட்டன அழுத்திட்டேன். உள்ள கூப்ட்டுக் கேட்டப்ப, போகலன்னு பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டை என் தலையில் வீசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் என் கன்னத்தைத் தடவினாள். "அய்ய, இன்னாமே இது, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல. நீ ஏன் எம்பாவத்த உன் தலமேல போட்டுக்கற? அது நாந்தாமே. மால சரிஞ்சிகினு இருந்திச்சி, தூக்கி வெச்சேன். அப்ப என் கை பட்டுகீது. எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் இல்லை இல்லை என்கிறேன், அவள் கேட்கவில்லை. "உம் மனசு எனக்குத் தெரியும். வர்சா வர்சம் கிறிஸ்மசுக்கு வந்து நிக்கிறியே. எனுக்காவப் பொய் சொல்லாத" என்றாள்.

அவள் மிக்சியைத் தொட மாட்டாள். மகள் வரும்வரை அம்மியில்தான் அரைப்பாள். போன் அடித்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வாள். "எங்கம்மாக்கு மிஷினுன்னா பேஜாரு ஆன்ட்டி" என்று செலின் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் தன் கைக்குத்தான் பயந்துகொண்டிருக்கிறாள். நான் அவள் வேலையை மட்டும் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனடா. தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதே தெரியாமல் அவளை இத்தனை வருஷம் விட்டுவைத்திருக்கிறேன்.

செலின்தான் குறுக்கே வந்தாள். "ம்மா, ஆன்ட்டி நெஜந்தான் சொல்றாங்க. அவங்க பையனே அத்தினி பேர் முன்னாடி சொன்னாரு. பேசுனது நெட்ல அந்தக் கம்பெனி பக்கத்துலயே வீடியோவா கீது, இரு காட்டறேன்" என்று போனை எடுத்தாள். லூர்து கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நீ பேசினாய். சேவ் பட்டன் கிடையாது என்றாய், கைதட்டினார்கள். அடுத்து, "எல்லாருக்கும் நன்றி" என்றாய். செலின் பின்னால் தள்ளிப் பார்த்தாள், முன்னால் தள்ளிப் பார்த்தாள். பொட்டு வைத்த பட்டனும் இல்லை, நானும் இல்லை. அப்போதுதான் காலையில் நீ அனுப்பியிருந்த செய்தி எனக்குப் புரிந்தது. "அந்த இடத்தை வெட்டித் தூக்கிட்டேன்மா, இனி ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, இப்ப சந்தோஷமா?" லூர்து கண்ணாடியைக் கழற்றினாள். "நீயும் இவகூட சேந்துகினு இன்னாத்துக்கு நாடகம் ஆடற" என்று செலினைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குக் காபி போட எழுந்து போனாள். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க மகளைத்தான் கூப்பிட்டாள்.

நீ அந்த மேடையில் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன் கல்யாணத்தன்று வாசலில் நின்று எல்லாரையும் வாங்க என்று கூப்பிடுவேன், சிரிப்பேன், அதற்குள் மன்னித்துவிடுவேனா என்று எனக்கே தெரியாது. அதை இப்போது என்னிடம் கேட்காதே. வெட்டாத வீடியோ உன்னிடம் எங்காவது இருந்தால் எடுத்துக்கொண்டு வா. இல்லை என்றாலும் வா. வரும் ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் ஸ்டாப்பிங்கில் நிற்கிறேன். நான் சொன்னால் இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்கிறாள், என் வாய்க்கு அவளிடம் மதிப்பில்லை. பெற்ற தாயைப் பற்றி மகன் பொய் சொல்ல மாட்டான் என்று ஒருவேளை நம்புவாள். ஹாலில் எப்படிச் சொன்னாயோ அப்படியே, எங்கம்மாதான் செய்தாள், வேலை போனது இவங்களுக்கு, எங்கம்மா தப்பித்துக்கொண்டாள் என்று ஒரு வார்த்தை குறைக்காமல் லூர்துவின் முகத்தைப் பார்த்துச் சொல். நான் பக்கத்தில் எழுந்து நிற்கிறேன்.

அம்மா